விகிதமுறு பூச்சியங்கள்: பட்டியலைப் போடுவதும் சுருக்குவதும்

ஆரணியில் பட்டுச் சேலை வாங்கினால் தட்டையான அட்டைப் பெட்டியில் வைத்துத் தருவார்கள். அந்தப் பெட்டியிலிருந்தே தொடங்குவோம். 17 அங்குல நீளமும் 13 அங்குல அகலமும் உள்ள ஓர் அட்டை இருக்கிறது. நான்கு மூலையிலும் ஒரே அளவுள்ள சதுரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பக்கங்களை மேலே மடித்தால் மூடியில்லாத பெட்டி கிடைக்கும். அதன் கொள்ளளவு 210 கன அங்குலமாக இருக்க வேண்டும். வெட்டும் சதுரத்தின் பக்கம் எவ்வளவு?

பள்ளிப் பாடநூலில் எக்ஸ் என்று எழுதும் தெரியாத எண்ணை இந்நூல் முழுவதும் ‘ய’ என்று குறிக்கிறோம். வெட்டும் சதுரத்தின் பக்கம் ய என்றால் பெட்டியின் உயரமும் ய. நீளம் 17 − 2ய, அகலம் 13 − 2ய. மூன்றையும் பெருக்கி 210-க்குச் சமமாக்கி, எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால்,

4ய³ − 60ய² + 221ய − 210 = 0

இருபடிச் சமன்பாடாக இருந்தால் சூத்திரம் கையில் இருக்கிறது. முப்படிக்கும் சூத்திரம் உண்டு; ஆனால் அது நீளமானது, தேர்வறையில் கைகொடுக்காது. பிளஸ் டூ கணிதத்தின் முதல் தொகுதியில் ‘சமன்பாட்டியல்’ பாடம் படிக்கும் பலர் இந்த இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏதேதோ போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். குத்துமதிப்பாகப் போட்டுப் பார்ப்பதற்கு முடிவே இல்லை. எங்கே தேடினால் போதும் என்று எல்லை கட்டிக்கொண்டு தேடினால் முடிவு உண்டு. அந்த எல்லையைத் தருவதுதான் விகிதமுறு மூலத் தேற்றம். ஆரணியைச் சுற்றியுள்ள தேவிகாபுரத்திலும் ஒண்ணுபுரத்திலும் சேவூரிலும் தறி ஓடும் வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைக்கும், தனிப்பயிற்சி இல்லாமலேயே இது முழுவதும் கைவரும்.

தேற்றம் சொல்வது என்ன?

ஒரு பல்லுறுப்புக் கோவையின் கெழுக்கள் எல்லாம் முழு எண்கள். மாறிலி பூச்சியம் அல்ல. அதற்கு ஒரு விகிதமுறு பூச்சியம் (ய-க்குப் பதிலாகப் போட்டால் கோவையின் மதிப்பைப் பூச்சியமாக்கும் விகிதமுறு எண்) இருந்து, அதைச் சுருக்கிய பின்னமாக த/ப என்று எழுதினால் (த தொகுதி, ப பகுதி),

த, மாறிலியை மீதியின்றி வகுக்கும்.
ப, உயர்ந்த படியின் கெழுவை மீதியின்றி வகுக்கும்.

அவ்வளவுதான். கோவையைச் சேலையாக நினைத்தால், இரண்டு ஓரத்துக் கெழுக்களும் கரை, நடுவில் உள்ளவை உடல். யார் யார் பூச்சியமாக இருக்கக்கூடும் என்பதைக் கரை சொல்லிவிடுகிறது. அவர்களில் யார் உண்மையான பூச்சியம் என்பதை உடலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் அப்படி?

காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தால் தொகுதியும் பகுதியும் இடம் மாறிவிடும். காரணத்தைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். முப்படிக் கோவை ஒன்றை எடுப்போம்: அய³ + ஆய² + இய + ஈ. இதில் ய-க்குப் பதிலாக த/ப போட்டுப் பூச்சியம் வந்தால், எல்லாவற்றையும் ப³ ஆல் பெருக்கலாம்:

அத³ + ஆத²ப + இதப² + ஈப³ = 0

முதல் மூன்று உறுப்புகளிலும் த இருக்கிறது. கூட்டுத்தொகை பூச்சியம் என்பதால் நான்காவது உறுப்பான ஈப³-ஐயும் த வகுத்தே தீர வேண்டும். பின்னத்தைச் சுருக்கிவிட்டோம், எனவே த, ப இரண்டும் சார்பகா எண்கள். ப³-இல் த-வுக்கு இடமில்லை. ஆகவே த வகுப்பது ஈ-யை, அதாவது மாறிலியை.

இதே வரியைப் பின்னாலிருந்து பாருங்கள். கடைசி மூன்று உறுப்புகளிலும் ப இருக்கிறது. எனவே அத³-ஐயும் ப வகுக்க வேண்டும். த³-இல் ப-வுக்கு இடமில்லை. ஆகவே ப வகுப்பது அ-வை, அதாவது உயர்ந்த படியின் கெழுவை. நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இதே வாதம்தான்.

முதல் வேலை: பட்டியல்

நம் பெட்டிக் கணக்குக்கு வருவோம். மாறிலி 210. அதன் காரணிகள்: 1, 2, 3, 5, 6, 7, 10, 14, 15, 21, 30, 35, 42, 70, 105, 210. மொத்தம் 16. உயர்ந்த படியின் கெழு 4. அதன் காரணிகள்: 1, 2, 4.

பகுதி 1 என்றால் மேலே உள்ள 16 முழு எண்கள். பகுதி 2 அல்லது 4 என்றால் தொகுதி ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னம் சுருங்கி, ஏற்கெனவே எழுதிய எண்ணாகிவிடும். 210-இன் ஒற்றைப்படைக் காரணிகள் 1, 3, 5, 7, 15, 21, 35, 105 என எட்டு. ஆக அரையில் 8, காலில் 8. மொத்தம் 32. மிகை, குறை இரண்டு குறியும் சேர்த்தால் 64.

இந்த 64-ஐப் பார்த்து மலைத்துப்போய் நிறுத்திவிடாதீர்கள். இது ‘இருக்கக்கூடியவை’ பட்டியல். ஒரு முப்படிக் கோவைக்கு மூன்று பூச்சியங்களுக்கு மேல் இருக்க முடியாது. ஆகவே 64-இல் குறைந்தது 61 எண்கள் கழிக்கப்பட வேண்டியவை. அவற்றைப் போட்டுப் பார்க்காமலேயே கழிப்பதுதான் உண்மையான திறமை.

இரண்டாம் வேலை: பட்டியலைச் சுருக்குவது

*குறியைப் பாருங்கள்.* நம் கோவையின் குறிகள் +, −, +, − என்று மாறி மாறி வருகின்றன. ய-க்கு ஒரு குறை எண்ணைப் போட்டால் நான்கு உறுப்புகளும் குறையாகிவிடும். கூட்டினால் பூச்சியம் வரவே வராது. ஒரே பார்வையில் பாதிப் பட்டியல் போயிற்று: மீதி 32. ரெனே டெகார்ட் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூலில் சொன்ன குறிமாற்ற விதி இன்னும் பொதுவானது. கெழுக்களின் குறி எத்தனை முறை மாறுகிறதோ, மிகைப் பூச்சியங்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டா. ய-க்குப் பதில் −ய போட்டு எண்ணினால் குறைப் பூச்சியங்களுக்கும் அதே விதி.

*கணக்கின் சூழலைப் பாருங்கள்.* அட்டையின் அகலம் 13 அங்குலம். இரண்டு பக்கமும் வெட்டுவதால் ய, 6.5-க்குள் இருக்க வேண்டும். மீதமுள்ளவை: 1, 2, 3, 5, 6, அரையில் 1/2, 3/2, 5/2, 7/2, காலில் 1/4, 3/4, 5/4, 7/4, 15/4, 21/4. மொத்தம் 15.

*குறி மாறும் இடத்தைப் பிடியுங்கள்.* எளிய எண்களை முதலில் போடுங்கள். ய = 1 எனில் 4 − 60 + 221 − 210 = −45. ய = 2 எனில் 32 − 240 + 442 − 210 = 24. ஒன்றில் குறை, இரண்டில் மிகை. நடுவில் எங்கோ கோவை பூச்சியத்தைக் கடந்தே ஆக வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நம் பட்டியலில் இருப்பவை மூன்றே: 5/4, 3/2, 7/4.

64-இல் தொடங்கினோம். இரண்டே எண்களைப் போட்டுப் பார்த்து மூன்றுக்கு வந்துவிட்டோம்.

மூன்றாம் வேலை: சோதனை

சோதிப்பதற்குத் தொகுமுறை வகுத்தல்தான் நல்ல கருவி. ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். மீதி பூச்சியம் என்றால் அந்த எண் ஒரு பூச்சியம். கூடவே ஈவும் கிடைத்துவிடும்.

3/2-ஐச் சோதிப்போம். கெழுக்கள் 4, −60, 221, −210.

4-ஐ அப்படியே இறக்குங்கள்.
4 × 3/2 = 6; −60 + 6 = −54.
−54 × 3/2 = −81; 221 − 81 = 140.
140 × 3/2 = 210; −210 + 210 = 0.

மீதி பூச்சியம். 3/2 ஒரு பூச்சியம்.

மற்ற இரண்டு எண்களையும் முழுவதும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. இங்கே ஒரு நிறுத்து விதி உண்டு. சோதிக்கும் பின்னம் உண்மையிலேயே பூச்சியமாக இருந்தால், விடை வரிசையில் வரும் ஒவ்வோர் எண்ணையும் அதன் பகுதி வகுக்கும். மேலே 4, −54, 140 மூன்றையும் 2 வகுப்பதைப் பாருங்கள். இப்போது 5/4: 4-ஐ இறக்குங்கள்; 4 × 5/4 = 5; −60 + 5 = −55. −55-ஐ 4 வகுக்காது. அங்கேயே நிறுத்திவிடலாம், 5/4 பூச்சியம் அல்ல. 7/4: 4-ஐ இறக்கினால் −60 + 7 = −53. இதையும் 4 வகுக்காது. இதுவும் போயிற்று.

இந்த விதிக்கு ஆதாரம் காஸ் 1801-இல் வெளியிட்ட எண்கணித நூலில் உள்ள ஒரு துணைத்தேற்றம். அதன்படி, த/ப பூச்சியம் என்றால் முழு எண் கோவையை (பய − த) என்ற காரணியாகவும் முழு எண் கெழுக்கள் கொண்ட இன்னொரு காரணியாகவும் பிரிக்க முடியும். நாம் வகுப்பதோ (ய − த/ப) ஆல். எனவே ஈவு அந்த இன்னொரு காரணியின் ப மடங்காகத்தான் வரும்.

நான்காம் வேலை: ஈவிலிருந்து மீண்டும் தொடங்குவது

ஒரு பூச்சியம் கிடைத்ததும் பழைய கோவையைத் தள்ளிவைத்துவிடுங்கள். இனி ஈவுதான் நம் கோவை. 4ய² − 54ய + 140. பொதுக் காரணி 2-ஐ எடுத்துவிட்டால் 2ய² − 27ய + 70. இருபடிதான், சூத்திரம் போதும். 27² − 4 × 2 × 70 = 729 − 560 = 169 = 13². ஆக ய = (27 ± 13)/4, அதாவது 10 அல்லது 7/2.

கோவையின் பூச்சியங்கள் 3/2, 7/2, 10. இனிப் பெட்டிக்குத் திரும்புவோம். 10 அங்குலச் சதுரத்தை 13 அங்குல அகலத்தில் இரண்டு பக்கமும் வெட்ட முடியாது. 7/2 என்றால் 10 × 6 × 3½ அளவுள்ள உயரமான பெட்டி. 3/2 என்றால் 14 × 10 × 1½. இரண்டுமே 210 கன அங்குலம்தான். மடித்த சேலைக்குப் பொருந்துவது தட்டையான இரண்டாவது பெட்டி. மூன்றையும் கண்டுபிடித்துத் தருவது கணிதம். அவற்றில் எது வேண்டும் என்று தேர்வது கணக்கைப் படித்தவரின் பொறுப்பு.

பட்டியல் முழுவதும் தோற்றால்?

அதே அட்டையில் 200 கன அங்குலப் பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமன்பாடு 4ய³ − 60ய² + 221ய − 200 = 0. ய = 1 எனில் −35, ய = 2 எனில் 34. மறுபடியும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு பூச்சியம் உறுதி. 200-இன் காரணிகளை 1, 2, 4 ஆல் வகுத்துக் கிடைக்கும் எண்களில் இந்த இடைவெளிக்குள் விழுவது 5/4 ஒன்றுதான். அதைச் சோதித்தால் இரண்டாவது எண்ணே −55, 4 வகுக்காது. தோற்றுவிட்டது.

இதை உங்கள் தோல்வி என்று எண்ண வேண்டாம். இது ஒரு விடை. இந்தத் தட்டையான பெட்டிக்கு வெட்ட வேண்டிய அளவு எந்தப் பின்னமும் அல்ல, ஒரு விகிதமுறா எண் என்று நிரூபித்துவிட்டோம். பெட்டி செய்பவருக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. 1.36 போட்டால் கோவை சற்றே குறை, 1.37 போட்டால் சற்றே மிகை; அளவுகோலுக்கு இந்தத் துல்லியம் தாராளம். ஆனால் 1.36-ஐ ‘சரியான விடை’ என்று தேர்வில் எழுதக் கூடாது, அது தோராயம். சரியான பின்னம் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடிவதுதான் இந்தத் தேற்றத்தின் பெரிய பலன்.

இந்த ‘இல்லை’ வரலாற்றிலும் பெரிய வேலை செய்திருக்கிறது. 60 பாகைக் கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு மூன்று சமபாகமாக்க முடியுமா என்பது பழங்கிரேக்கர் காலத்துக் கேள்வி. முடியாது என்று 1837-இல் பியர் வான்ட்செல் நிறுவினார். அந்த வாதத்தின் ஒரு படி இது: 8ய³ − 6ய − 1 = 0 என்ற சமன்பாட்டுக்கு விகிதமுறு மூலம் இல்லை. இதில் 2ய-வை ஒரே எண்ணாக எடுத்து ‘ர’ என்று எழுதினால் ர³ − 3ர − 1 = 0. இருக்கக்கூடியவை 1, −1 மட்டும். 1 போட்டால் −3. −1 போட்டால் 1. இரண்டும் தோற்றன. வேலை முடிந்தது.

உயர்ந்த படியின் கெழு 1 என்றால்

அப்போது பகுதி 1 ஆகத்தான் இருக்க முடியும். விகிதமுறு பூச்சியம் ஒன்று இருந்தால் அது முழு எண்ணே. ய² − 2 = 0 என்பதற்கு 1, −1, 2, −2 நான்கும் பொருந்தவில்லை; ஆகவே இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண். இரண்டே வரியில் நிரூபணம்.

இந்த வகைக் கோவைகளின் பூச்சியங்களைப் பற்றிய ஆய்வில் தென்னார்க்காடு மாவட்டத்தில் 1902-இல் பிறந்த தி. விஜயராகவனின் பெயர் உலகெங்கும் வழங்குகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ஹார்டியிடம் பயின்றவர். சென்னை இராமானுஜன் கணித நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். உயர்ந்த படியின் கெழு 1 ஆக உள்ள சில கோவைகளின் சிறப்பான பூச்சியங்களைப் ‘பிசோ–விஜயராகவன் எண்கள்’ என்கிறார்கள். அவற்றுள் மிகச் சிறியது ய³ − ய − 1 என்ற கோவையின் மெய்ப் பூச்சியம் என்று 1944-இல் சீகல் காட்டினார். அதன் மதிப்பு ஏறத்தாழ 1.3247. அது பின்னமா? 1, −1 இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் −1 வருகிறது. பின்னம் அல்ல.

இன்னும் பின்னால் போனால், பாஸ்கரர் 1150-ஐ ஒட்டி எழுதிய பீஜகணிதத்தில் ஒரு நாற்படிக் கணக்கு இருக்கிறது: ய⁴ − 2ய² − 400ய = 9999. அவர் இரு பக்கமும் 4ய² + 400ய + 1 கூட்டி, இடப்பக்கத்தை (ய² + 1)² ஆகவும் வலப்பக்கத்தை (2ய + 100)² ஆகவும் மாற்றி 11 என்ற விடைக்கு வந்தார். அழகான வழி, ஆனால் எதைக் கூட்ட வேண்டும் என்று தோன்றுவதற்குப் பாஸ்கரரின் கூர்மை வேண்டும். நம் வழிக்கு ஒழுங்கு போதும். 9999 = 9 × 11 × 101. காரணிகள் 1, 3, 9, 11, 33, 99, 101 என்று போகின்றன. குறிமாற்றம் ஒன்றே, மிகைப் பூச்சியம் ஒன்றுதான். 9 போட்டால் குறை. 11 போட்டால் பூச்சியம். குறைப் பக்கத்தில் −9 பொருந்துகிறது: 6561 − 162 + 3600 − 9999 = 0. மீதமுள்ள ஈவு ய² + 2ய + 101. அதற்கு மெய்ப் பூச்சியம் இல்லை.

சேமிப்புக் கணக்கு ஒன்று

ஒரு நெசவாளர் மூன்று ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 10,000 ரூபாய் போட்டார். ஆண்டுக்கு ஒரு முறை கூட்டு வட்டி. மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் கிடைத்தது 36,410 ரூபாய். வட்டி விகிதம் என்ன?

ஒரு ரூபாய் ஓராண்டில் ய ரூபாய் ஆகிறது என்றால், 10,000(ய³ + ய² + ய) = 36,410. சுருக்கினால்,

1000ய³ + 1000ய² + 1000ய − 3641 = 0

3641 = 11 × 331. தொகுதிக்கு 1, 11, 331, 3641 என்ற நான்கே வாய்ப்புகள். பகுதிக்கு 1000-இன் 16 காரணிகள். மிகைப் பின்னங்கள் மட்டும் 64. ஆனால் வட்டியே இல்லாவிட்டால் கிடைத்திருப்பது 30,000. எனவே ய, 1-ஐவிடப் பெரியது. 20 சதவீதம் என்றால் 43,680 கிடைத்திருக்கும். எனவே ய, 1.2-ஐவிடச் சிறியது. இந்த இடைவெளிக்குள் விழும் பின்னம் பட்டியலில் ஒன்றே ஒன்று: 11/10. சரிபார்க்க: 1.331 + 1.21 + 1.1 = 3.641. வட்டி 10 சதவீதம். தொகையை யாராவது முழு நூறுக்குத் திருத்தி எழுதியிருந்தால் இப்படிச் சரியாகப் பொருந்தாது. அப்போது தோராய வழிக்குத்தான் போக வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கெழுக்களில் பின்னம் இருந்தால் முதலில் மீச்சிறு பொது மடங்கால் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். தேற்றம் முழு எண் கெழுக்களுக்குத்தான்.

எல்லாக் கெழுக்களுக்கும் பொதுக் காரணி இருந்தால் எடுத்துவிடுங்கள். பட்டியல் வீணாக நீளாது.

மாறிலி பூச்சியம் என்றால் ய-வைப் பொதுக் காரணியாக வெளியே எடுங்கள். 0 ஒரு பூச்சியம். மீதிக் கோவைக்குப் பட்டியல் போடுங்கள்.

இடையில் ஒரு படி இல்லாவிட்டால் தொகுமுறை வகுத்தலில் அந்த இடத்தில் 0 எழுத மறக்காதீர்கள். பாஸ்கரரின் கோவைக்குக் கெழுக்கள் 1, 0, −2, −400, −9999.

கிடைத்த பூச்சியத்தை ஈவிலும் ஒரு முறை சோதியுங்கள். ஒரே எண் இரண்டு முறை பூச்சியமாகலாம்.

ஈவு இருபடிக்கு இறங்கியதும் பட்டியலை விட்டுவிட்டுச் சூத்திரத்துக்கு மாறுங்கள். விகிதமுறா எண்களும் கலப்பெண்களும் அங்கேதான் கிடைக்கும். பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை.

பயிற்சி

1. 2ய³ − 3ய² − 11ய + 6 என்ற கோவையின் பூச்சியங்கள் எல்லாவற்றையும் காண்க.

2. 4ய³ − 12ய² + 9ய − 2 என்ற கோவைக்கு எத்தனை வெவ்வேறு பூச்சியங்கள்?

3. ய³ − 3ய + 1 என்ற கோவைக்கு விகிதமுறு பூச்சியம் உண்டா?

4. 15 அங்குலத்துக்கு 12 அங்குல அட்டை. மூலைகளை வெட்டி மடித்த பெட்டி 162 கன அங்குலம் கொள்ள வேண்டும். வெட்டக்கூடிய அளவுகள் யாவை?

5. வீட்டில் உள்ள ஒரு சேலைப் பெட்டியின் அடிப்பாகத்தை அளந்து, அதை ஒரே அட்டையில் செய்ய வேண்டிய சமன்பாட்டை நீங்களே எழுதுங்கள். உங்களுக்கு ஒரு பூச்சியம் முன்பே தெரியும்: பெட்டியின் உயரம். அதை வைத்து வகுத்து, அதே அட்டையில் அதே கொள்ளளவுக்கு வேறு பெட்டி செய்ய முடியுமா என்று பாருங்கள்.

விடைகள்: (1) 3, −2, 1/2. (2) இரண்டு, 1/2 இருமுறை, 2 ஒருமுறை. (3) இல்லை, 1, −1 இரண்டும் பொருந்தா. (4) சமன்பாடு 2ய³ − 27ய² + 90ய − 81 = 0; 3/2 அங்குலம் அல்லது 3 அங்குலம்; 9 அட்டைக்கு ஒவ்வாது. (5) அளவைப் பொறுத்தது. வகுத்த பின் கிடைக்கும் இருபடிக்கு, அட்டை அகலத்தின் பாதிக்குள் ஒரு மிகைப் பூச்சியம் இருந்தால் முடியும். அது பெட்டியின் உயரத்துக்கே சமமாக வந்தால், அந்த அட்டையில் செய்யக்கூடிய மிகப்பெரிய கொள்ளளவு உங்கள் பெட்டியுடையதுதான்.